எர்த் வயர (பேட்டரி நெகட்டிவ்ல இருந்து இன்ஜினுக்கு போற வயர்) பாக்காம பேட்டரிய மாத்துனு சொல்றாங்க
நம்ம கார் 2004 மாடல், காலைல சாவிய திருப்புனா டக்குனு ஒரு சத்தம், அவ்ளோதான், செல்ஃப் எடுக்காது. மெக்கானிக்கிட்ட போனா மீட்டர கையில எடுக்கவே இல்ல, நேரா பேட்டரி போச்சுண்ணேன்னுட்டாரு, சரின்னு மாத்தினேன், ரெண்டே வாரத்துல மறுபடி அதே டக், இப்ப செல்ஃப் மோட்டார் போச்சாம். வயிறு எரியுதுங்க. வீட்ல மல்டிமீட்டர் வச்சு பாத்தா பேட்டரி 12.6 வோல்ட், வண்டி ஓடும்போது 14.1, ஆல்டர்னேட்டர் நல்லாத்தான் சார்ஜ் பண்ணுது, அப்பறம் ஒரு முனைய பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொன்ன இன்ஜின் பிளாக்லயும் வச்சுகிட்டு பையன நியூட்ரல்ல போட்டு செல்ஃப் அடிக்க சொன்னேன், 1.8 வோல்ட் காட்டுது! அந்த எடத்துல அரை வோல்ட்டே ஜாஸ்தி, அதாவது செல்ஃப் மோட்டாருக்கு போக வேண்டிய வோல்ட் எர்த் வழியிலயே வீணாகுது. கழட்டி பாத்தா எர்த் வயர் போல்ட்டுக்கு அடியில பூரா துரு. எமரி பேப்பர் போட்டு தேச்சு இறுக்கி மேல கொஞ்சம் வாசலின் தடவுனேன், ஒரே தடவைல ஸ்டார்ட். புது பேட்டரி காசு போனது போனதுதான். பழைய வண்டின்னா ஏன் செக் பண்ணாமலே பார்ட்ட மாத்த சொல்றீங்க, ரெண்டு நிமிஷம் மீட்டர் வச்சு பாத்தா என்ன?