தூண்டில் எந்த மாட்டுக்கு?
மாட்டின் மரபணுத்தொகுப்பை முழுசாகப் படிக்காமல், வேண்டிய பகுதிகளை மட்டும் 'தூண்டில்' (அந்தப் பகுதியோடு ஒட்டிக்கொள்ளும் சிறு டி.என்.ஏ. துண்டு) போட்டு எடுத்து வாசித்தாலே இனங்களுக்கிடையே உள்ள வேறுபாடு தெரிந்துவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான், சுமார் 270 கோடி டி.என்.ஏ. எழுத்துகளையும் ஒவ்வொரு மாட்டுக்கும் படிக்க யாரிடம் காசு இருக்கிறது? ஏ1 பாலா, ஏ2 பாலா எது நல்லது என்ற சண்டைகூட, பாலிலுள்ள பீட்டா கேசின் புரதத்தின் 67ஆம் இடத்தில் இருக்கும் அமினோ அமிலம் ஹிஸ்டிடினா, புரோலினா என்ற ஒரே இடத்து வித்தியாசம்தானே.

ஆனால் ஒன்று விட்டுப்போச்சு. 2009ல் முதன்முதலாக வெளியான மாட்டு மரபணு வரிசை ஹியர்ஃபோர்டு பசுவுடையது; திமிலில்லாத ஐரோப்பிய மாடு. சிராவயல் மஞ்சுவிரட்டில் பாயும் எங்கள் புலிக்குளம் காளைக்குத் திமில்தானே அழகு! ஹியர்ஃபோர்டு வரிசையை மட்டும் வைத்துச் செய்த தூண்டில், திமில் மாட்டின் வரிசை அதிலிருந்து ரொம்ப விலகிய இடங்களில் சரியாக ஒட்டாது. அந்தப் பகுதி வாசிப்பிலேயே வராமல் போகலாம். புலிக்குளத்துக்கே உரிய சங்கதி அங்கே இருந்தால்? திமில் மாட்டு வரிசையையும் சேர்த்தார்களா என்று கட்டுரையாளர் சொல்லணும்.