பல்லுக்கு எதற்கு எண்ணெய்?

இன்றைக்கும் அதே கதைதான். சாவி கொடுக்கும் பழைய சுவர்க் கடிகாரம் ஒன்றைப் பட்டறை மேசையில் வைத்துப் பிரித்தால், உள்ளே முழுக்கக் கறுப்புப் பிசுக்கு. யாரோ ஸ்ப்ரேயை எடுத்து மொத்தமாக அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சக்கரப் பல்லில் எண்ணெய், முள்ளின் அடியில் எண்ணெய், பெண்டுலம் தொங்கும் மெல்லிய தகட்டில்கூட எண்ணெய்! எதற்கு? அச்சு முனை சுழலும் துளையில் ஊசி முனையளவு வைத்தால் போதாதா? பல்லில் எண்ணெய் பட்டால் தூசி ஒட்டும். அந்தத் துகள் பித்தளையில் பதிந்துகொண்டு, எதிரே சுழலும் எஃகையே அரம் போல அறுக்கும்.

அப்புறம் அந்தக் குத்து! தேய்ந்து நீள்வட்டமாகிப்போன துளையைச் சுற்றி ஆணியால் குத்திக் குத்தி இறுக்கியிருக்கிறார்கள். சக்கரங்களைத் தாங்கும் பித்தளைத் தகடு முழுக்க அம்மைத் தழும்பு. துளையை மையம் பார்த்துக் குடைந்து ஒரு புஷ் (துளைக்குள் இறுக்கிப் பொருத்தும் சிறு உலோக வளையம்) அடிக்கப் பொறுமை இல்லையென்றால் எதற்குப் பிரிக்க வேண்டும்? யாரோ கையால் அரம் போட்டு மெருகேற்றிய தகடு இது. பார்க்கவே வயிறு எரிகிறது.

இந்த வருடத்தில் இது மூன்றாவது கடிகாரம்.