குலை தள்ளிய பின் மருந்தடித்தால் கருகிய வாழை இலை பச்சையாகுமா?

"குலை தள்ளிய பிறகு ஒரே தடவை பூஞ்சைக்கொல்லி அடித்தால் கருகிய இலை பச்சையாகும், எடையும் கூடும்" என்று குமரி மாவட்ட வாழை விவசாயிகளிடையே வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இது தவறு.

இலையைக் கருக்கும் சிகடோகா இலைப்புள்ளி என்ற பூஞ்சை நோயில் செத்த திசு எந்த மருந்துக்கும் உயிர் பெறாது. குலை தள்ளிய வாழை புதிதாக இலை விடாது. அன்று நிற்கும் இலைகள்தான் காயைப் பெருக்க வைக்கும். எட்டு நல்ல இலையாவது அப்போது வேண்டும். ஆகவே செலவு அதற்கு முன்பே, இலைகளில் மஞ்சள் கீற்று தெரிந்த உடனே செய்ய வேண்டியது.

முதலில் அரிவாள். கருகிய பகுதியை மட்டும் நறுக்கி அப்புறப்படுத்துங்கள். நுனியில் நாலு புள்ளிக்காக முழு இலையையும் வெட்டுவது நஷ்டம். பிறகு 10 லிட்டர் தண்ணீருக்கு புரோபிகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி 10 மில்லி, கூடவே ஒட்டும் திரவம் கலந்து அடியுங்கள். ஒட்டும் திரவம் இல்லாவிட்டால் மெழுகுப் பூச்சுள்ள இலையில் மருந்து நிற்காமல் வழிந்துவிடும். அடுத்த முறை மாங்கோசெப் என்ற வேறு பூஞ்சைக்கொல்லிக்கு மாறுங்கள், ஒரே மருந்து பூஞ்சைக்குப் பழகிவிடும்.

கணக்கு எளிது. ஒரு வாழைக்கு மருந்தும் கூலியுமாக 20 ரூபாய், ஏத்தன் (நேந்திரன்) காய் கிலோ 40 ரூபாய் என்று வைத்தால், குலைக்கு அரை கிலோ எடை கூடினாலே போட்ட காசு திரும்பும். இலையெல்லாம் கருகிய தோட்டத்தில் அந்த அரை கிலோவும் தேறாது.