ஆறு டீமுக்கும் நாங்க தான் உள்ளூராம்

இன்னிக்கு நடந்ததை யார்கிட்டயாவது கொட்டலேன்னா எனக்கு ராத்திரி தூக்கம் வராது.

புதன்கிழமை, ஏப்ரல் மாசம், குளிர் இன்னும் முழுசா போகல ஆனா வெயில் வந்துடுச்சு, மத்தியானம் எட்டு மேட்ச். எட்டு! பேஸ்பால் பாக்குறவங்களுக்கு நான் சொல்லவே வேணாம், ராத்திரி ஃப்ளைட் புடிச்சு அடுத்த ஊருக்குப் போகணும்னு பாதி டீம் பகல்லயே ஆடி முடிச்சிடுவானுங்க, கெட்அவே டே, அது நமக்கு வாரத்துக்கு நடுவுல வர்ற தீபாவளி. அதுவும் ஏப்ரல்ல. ஒரு சீசனுக்கு ஒரு டீமுக்கு 162 மேட்ச், அதுல பத்து பன்னெண்டு தான் ஆகியிருக்கு, யாருக்கும் இன்னும் மானம் போகல, போன வருஷம் கடைசில கெடந்தவன் கூட கப்பு நமக்குத்தான்னு நம்பிட்டு உக்காந்திருப்பான். ஜூலைல இந்த முகமெல்லாம் பாக்க சகிக்காது.

ஒரு மாசம் முன்னாடியே அரை நாள் லீவ் சொல்லி வச்சேன். காரணம் கேட்டதுக்கு பர்சனல்னு சொன்னேன், பர்சனல் தானே. திருச்சில இருந்து அப்பா வந்திருக்கார், ரெண்டு வாரமா அவருக்கு ஸ்ட்ரைக், பால், ஃபவுல் எல்லாம் பாடம் எடுத்து ஒரு வழியா முடிச்சிருக்கேன் (அடிச்சவுடனே பேட்டைத் தூக்கி எறிஞ்சுட்டு ஓடுறானே, அதை மட்டும் அவரால ஏத்துக்கவே முடியல). எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல் ரெடி. கீழ லாண்டிரி ரூம்ல துணியையும் போட்டுட்டு வந்தாச்சு. 2023ல பிட்ச் கிளாக் (பந்தை இத்தனை செகண்டுக்குள்ள வீசியாகணும்னு ஓடுற கடிகாரம்) வந்தப்புறம் ஒரு மேட்ச் ரெண்டே முக்கால் மணி நேரத்துல முடிஞ்சிடுது, அதனால பன்னெண்டுக்கு ஒண்ணு, மூணுக்கு ஒண்ணுன்னு கல்யாண வீட்டு முகூர்த்தம் மாதிரி பேப்பர்ல எழுதியே வச்சிருந்தேன்.

12:10க்கு மேட்ச் காட்டுற ஆப்பைத் திறந்து மினசோட்டா ட்வின்ஸ் மேட்சைத் தொட்டேன். கறுப்பு ஸ்கிரீன். "இந்த ஆட்டம் உங்கள் பகுதியில் கிடைக்காது."

சரி போ, மில்வாக்கி. கறுப்பு. செயின்ட் லூயிஸ். கறுப்பு. கான்சஸ் சிட்டி. அதுவும் கறுப்பு. அப்பா ரிமோட்டை வாங்கி பேட்டரியைக் கழட்டி மாட்டித் தந்தார், பாவம்.

ஏன்னா நான் குப்பை கொட்டுறது அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல. இங்க பேஸ்பாலோட பெரிய லீக்கான மேஜர் லீக்ல ஆடுற டீம் ஒண்ணு கூட கிடையாது. ஆனா சிகாகோவோட கப்ஸ், வொயிட் சாக்ஸ், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், கான்சஸ் சிட்டி ராயல்ஸ், மினசோட்டா ட்வின்ஸ், மில்வாக்கி ப்ரூவர்ஸ்னு ஆறு டீம் கூட்டா வந்து அயோவா எங்க ஏரியான்னு கோடு போட்டு வச்சிருக்கானுங்க. லோக்கல் டீம்னா லோக்கல் சேனல்ல பாக்கணுமாம், இல்ல கிரவுண்டுக்குப் போகணுமாம், அதனால இந்த ஆப்போட பொதுச் சந்தாவுல கெடையாதாம். முருகனுக்கும் தான் ஆறு அம்மா, ஆனா அந்த ஆறு பேரும் பால் குடுத்தாங்கய்யா!

அயோவாவோட தலைநகர் டெ மொய்ன்ல இருந்து மில்வாக்கி எவ்ளோ தூரம் தெரியுமா? 600 கிலோமீட்டர். அப்பாவுக்குப் புரியணும்னு சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் உள்ள தூரம்னு சொன்னேன். ரெண்டு நிமிஷம் யோசிச்சார். "அப்போ திருநெல்வேலிக்காரன் கிட்ட, உனக்கு சேப்பாக்கம் பக்கம் தானேப்பா, டிவி எதுக்கு, நேர்ல போயி பாருன்னு சொல்ற மாதிரியா?" ஆமாப்பா. அதே தான்ப்பா. "நீ காசு கட்டலையாம்மா?" கட்டியிருக்கேன்ப்பா. முழு வருஷத்துக்கும். மார்ச்லயே.

இங்க தான் நான் தப்பு பண்ணேன், கஸ்டமர் சப்போர்ட் சாட்டைத் திறந்தேன். பதினோரு நிமிஷம் காத்திருந்து ஒருத்தர் வந்தார். ஜிப் கோடு கேட்டார், குடுத்தேன். அந்த மேட்ச் எல்லாம் உங்க உள்ளூர் சேனல்ல வரும்னார். எந்த சேனல்னு கேட்டேன். பேர் சொன்னார். அது எங்க கேபிள்ல வராதுன்னேன். அப்போ கேபிள் கம்பெனியைக் கேளுங்கன்னார். அவங்களைப் போன வருஷமே கேட்டேன், அவங்க உங்களைக் கேக்கச் சொன்னாங்கன்னேன். ரொம்ப நேரம் அந்த மூணு புள்ளி மட்டும் துள்ளிட்டே இருந்துச்சு. அப்புறம், உங்க பொறுமைக்கு நன்றின்னு வந்துச்சு. எனக்கு எங்கய்யா பொறுமை இருக்கு?

சரின்னு நானும் விடல. கப்ஸ் இன்னிக்கு ஆடுறது சான் டியாகோவுல, பசிபிக் கடல் ஓரத்துல. அதையாவது போடுங்கன்னேன். கப்ஸ் உங்க லோக்கல் டீம், அவங்க எங்க போய் ஆடினாலும் உங்களுக்கு வராதுன்னார். சிகாகோவே எனக்கு அஞ்சு மணி நேரம் கார்ல, அந்த டீம் ஃப்ளைட் ஏறி கடற்கரைக்குப் போயிருக்கு, நான் நேர்ல போகணும்னா எந்த கிரவுண்டுக்குப் போகணும்னு கேட்டேன். பதில் இல்ல. வொயிட் சாக்ஸ் கிளீவ்லேண்ட்ல. அதுக்கும் அதே பாட்டு. கடைசில ஒரு ஆறுதல் சொன்னார் பாருங்க, ஆட்டம் முடிஞ்சு ஒன்றரை மணி நேரம் கழிச்சு முழு வீடியோவும் உங்களுக்குக் கிடைக்கும், கண்டு மகிழுங்கள்னு. அதாவது பந்தி முடிஞ்சு இலை எடுத்து நாய்க்குப் போட்டப்புறம் வந்து உக்காருங்க, வாசனை இருக்கும்னு. சேவை எப்படி இருந்ததுன்னு ஸ்டார் வேற கேட்டானுங்க. அஞ்சு ஸ்டார் குடுத்தேன், அந்தாளு என்ன பண்ணுவார், அவரும் எங்கயோ உக்காந்து நாள் பூரா என்னை மாதிரி அயோவாக்காரங்க கிட்ட திட்டு வாங்குறார்.

எட்டுல ஆறு போச்சு. மிச்சம் ரெண்டு. ஒண்ணு டென்வர்ல, பனி, ஒத்திவைப்பு, நல்லா இருங்கடா. இன்னொண்ணைத் தொட்டா படம் வந்துச்சு! வந்தே வந்துடுச்சு! ஏழாவது இன்னிங்ஸ், 11-1. வெளிய பாதி சீட்டு காலி, குல்லா போட்ட ஒரு தாத்தா மட்டும் கடலை உரிச்சிட்டு இருந்தார்.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா இதே அயோவாவுல தான் 2021ல, 'ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்'னு அப்பா-மகன் பேஸ்பால் படம் எடுத்த டையர்ஸ்வில்ல, சோளக்காட்டு நடுவுல கிரவுண்டு போட்டு வொயிட் சாக்ஸையும் யாங்கீஸையும் ஆடவிட்டானுங்க, ப்ளேயர் எல்லாம் சோளத்தை விலக்கிட்டு நடந்து வந்தானுங்க, 9-8னு கடைசி அடில வொயிட் சாக்ஸ் ஜெயிச்சுது, நாடே உருகுச்சு. மண்வாசனை, அப்பா, மகன், பேஸ்பால்னு. சோளம் வேணும், சோளம் விளையிற ஊர்க்காரன் டிவி பாக்கக் கூடாது. இங்க ஒரு மகளும் அப்பாவும் வறுவலோட உக்காந்திருக்கோமே, எங்களைப் பாத்தா உருகலையாடா?

நான் இப்படியே கத்திட்டு இருக்கேன், அப்பா அமைதியா போனை வாங்கி எதையோ நோண்டிட்டு இருந்தவர், "இதுல காது படம் போட்டு ஒண்ணு இருக்கேம்மா"ன்னார். ரேடியோ. ரேடியோவுக்கு மட்டும் தடை கெடையாது, எனக்கும் தெரியும், ஆனா அந்தக் கோவத்துல ரேடியோவை யாரு நினைச்சா. கப்ஸ் மேட்சைப் போட்டார். கண்ணை மூடிட்டார். பொங்கல் டெஸ்ட்டை டிரான்சிஸ்டர்ல கேட்ட ஆளு, அவருக்கு இதுல பாதி இங்கிலீஷ் புரியல, ஆனா பேட்ல பந்து படுற சத்தம் வந்தா தலையை ஆட்டுறார், கூட்டம் கத்தினா "ஃபோரா, சிக்ஸா?"ங்குறார். ரெண்டு வாரப் பாடம் போச்சு. நான் சிரிச்சிட்டேன். சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி வந்து, மூணு இன்னிங்ஸ் அப்படியே ஓடிடுச்சு, ரெண்டு பேரும் வறுவலைக் காலி பண்ணிட்டோம்.

அப்புறம் தான் துணி ஞாபகம் வந்துச்சு. ஓடிப் போய் பாத்தா, என் துணி மொத்தமும் ஈரத்தோட அந்த மேஜை மேல, அப்பாவோட வேட்டி பாதி தரைல, மெஷின்ல யாரோட ஜீன்ஸோ சுத்திட்டு இருக்கு. ஏங்க, பக்கத்துலயே கூடை இருக்கே, அதுல போடக் கூடாதா? வெள்ளை வேட்டிங்க அது!