கூடவே நடந்து பழக்குங்கள்

பிள்ளைகளை நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்கு அனுப்பச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளிக்குப் போய்வரும் நடையிலேயே அதில் ஒரு பங்கு கழிந்துவிடும். ஆனால் வாசலில் நின்று 'பார்த்துப் போ' என்றால் மட்டும் போதாது. வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் கணிக்கும் திறன் சின்னப் பிள்ளைகளுக்கு முழுதாக வளர்ந்திருக்காது.

என் மகளோடு ஒரு மாதம் கூடவே நடந்தேன். முதல் வாரம் நான் வழி காட்டினேன், அப்புறம் அவள் என்னைக் கூட்டிப்போனாள். சாலையைக் கடக்க அவள் நின்ற இடம், நிறுத்தியிருந்த ஒரு வேனுக்குப் பக்கத்தில். அவள் உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன், வரும் வண்டி எதுவுமே தெரியவில்லை. ஓட்டுநருக்கும் அவள் தெரிந்திருக்க மாட்டாள். தள்ளிப்போய்க் கடக்கப் பழக்கினேன்.

சைக்கிளில் போகிற பிள்ளைக்கு ஹெல்மெட்டும் அப்படித்தான், கூட இருந்து பழக்க வேண்டும். புருவத்துக்கு இரண்டு விரல் மேலே இருக்க வேண்டியதைப் பலர் பின்னந்தலையில் தொப்பி மாதிரி மாட்டிவிடுகிறார்கள். இன்னொன்று, பள்ளி வாசலில் பெரிய ஆபத்தே பிள்ளையை இறக்கிவிட வந்து முண்டியடிக்கும் நம் வண்டிகள்தான். நானும் அப்படி நிறுத்தியவன்தான்.