இருபது கேமரா சரி, அனுப்புவது எப்படி?

பார்ப்பவரே கோணத்தை மாற்றிக்கொள்ளும் வீடியோ பற்றிய உங்கள் கட்டுரை, இருபது கேமரா வைத்தால் கல்யாணத்தை எந்தக் கோணத்திலும் பார்க்கலாம் என்று சொல்கிறது. வேலூர் சத்துவாச்சாரியில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன் நான். 1920×1080 படம், நொடிக்கு 30 பிரேம், சுருக்காமல் வைத்தால் ஒரு கேமராவுக்கே நொடிக்குச் சுமார் 187 எம்பி. இருபதால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

நல்லவேளை, பக்கத்துக் கேமராக்கள் பார்ப்பது பெரும்பாலும் ஒரே காட்சி. அதனால் ஒன்றிரண்டை முழுதாக எடுத்துக்கொண்டு, மற்றவற்றில் புதிதாகத் தெரியும் துண்டுகளை மட்டும் சேர்க்கிறார்கள். எது எவ்வளவு தூரம் என்கிற ஆழப்படமும் கூடவே போகும். வீடியோ சுருக்கத்துக்குப் பொது விதி வகுக்கும் எம்பெக் குழுவின் எம்ஐவி தரம் (பல கோண வீடியோவுக்கானது) இந்த வழிதான். இடைப்பட்ட கோணத்தைப் பார்ப்பவரின் கருவியே வரைந்துகொள்ளும்.

வில்லங்கம் பொருள்களின் விளிம்பில்தான். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளித் தூண் ஒன்றைச் செல்போனில் சுற்றிச் சுற்றி எடுத்து முப்பரிமாணமாக்கினேன். வயிறு அருமையாக வந்தது. முன்னங்காலுக்கும் தூணுக்கும் நடுவிலிருந்த சந்து மட்டும் மெழுகு ஊற்றினாற்போல் அடைத்துக்கொண்டது. அசையாத கல்லுக்கே இந்தக் கதி!

அப்புறம் பட்டுப்புடவை ஜரிகை. கோணத்துக்குக் கோணம் மினுமினுப்பு மாறும். காட்சியை மங்கலான வண்ணப் பொட்டுகளாகச் சேர்த்து வரையும், 2023-இல் வந்த காஸியன் ஸ்ப்ளாட்டிங் முறை அந்த நிறமாற்றத்தையும் சேர்த்தே வைக்கிறது, ஆனால் ஃபைல் வீங்குவதும் பெரும்பாலும் அதனால்தான். அந்த ஃபைலை எப்படிச் சுருக்குகிறார்கள் என்று எழுதுங்கள், ஐயா.