பட்டம் சரி, வேலையைக் காணோமே
ஜப்பானியப் பொம்மைக் கலைஞர் ஹோரி ர்யூஜோ பற்றிய உங்கள் கட்டுரையில், அவர் 1955இல் இன்னொரு பொம்மைக் கலைஞரான ஹிராட்டா கோயோவோடு சேர்ந்து, தேர்ந்த கலைஞர்களுக்கு ஜப்பான் அரசு தரும் ‘வாழும் தேசியப் பொக்கிஷம்’ என்ற பட்டம் பெற்றதை எழுதியிருக்கிறீர்கள், சரி, ஆனால் ஒரு பொம்மை எப்படி உருவாகிறது என்று ஒரு வரிகூட இல்லையே. பவுலோனியா மரத்தூளைக் கோதுமைப் பசையில் பிசைந்து உருப்பிடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு சிப்பிப் பொடியை விலங்குப் பசையில் கலந்து பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, தேய்த்து, அப்புறம்தான் கண்ணும் வாயும். பக்கத்தில் உட்கார்ந்து பழகாமல் இது கைவராது. அந்தப் பட்டத்தோடு ஜப்பான் அரசு இப்போது வருடம் 20 லட்சம் யென் கொடுப்பதும் அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்கவும்தான். இன்னொன்று, அரசுக் கலைக் கண்காட்சியில் பொம்மைகளைச் சேர்த்ததே 1936இல்தான், அதில் ஹோரியுடையதும் இருந்தது. அதை எப்படி விட்டீர்கள்? அடுத்த பகுதியில் அவருடைய மாணவர்களைப் பற்றியும் எழுதுங்கள்.